சூரியனை நான் பார்த்துக்கொள்கிறேன்

மழை விட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல வெயில் அடித்தால் போதும், எங்கள் டாலிகஞ்ச் வீட்டு மொட்டைமாடியில் இடத்துக்குச் சண்டை வந்துவிடும். என் மனைவிக்குக் கருவாடு காய வேண்டும். எனக்குப் புத்தகங்கள் காய வேண்டும். அந்தமானில் வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. பீரோவுக்குள் பல்பை எரியவிட்டு வைத்தாலும் துணியிலும் தாளிலும் பூசணம் பூத்துவிடும். அதனால் வெயிலைக் கண்டதும் வீட்டிலுள்ள அத்தனையையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவது இங்கே எல்லாக் குடும்பங்களுக்கும் வழக்கம்தான். போன வாரமும் அப்படித்தான் ஓடினோம். சாயங்காலம் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே கொண்டுவந்தபோது மனைவி ஒரு தடித்த புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாள்.

"உங்க நார்வே புஸ்தகம் பூரா கருவாட்டு நாத்தம்."

"அதுக்குள்ளயும் கருவாட்டுப் படம்தானே இருக்கு" என்றேன்.

பொய்யில்லை. நூற்றுப் பதினாறாம் பக்கத்தைத் திறந்தால் கடற்கரையில் மரச்சட்டங்கள் கட்டி, தலை வெட்டிய மீன்களை வாலோடு வால் முடிந்து ஆயிரக்கணக்கில் தொங்கவிட்டிருப்பார்கள். பின்னால் பனி மூடிய மலை. நம் ஊரில் வெயில் காய்ச்சுகிற மீனை அங்கே குளிர்காற்று காய்ச்சுகிறது. நார்வேக்குச் சுற்றுலா போகிறவர்கள் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் புத்தகம் அது. கூரையில் டிராகன் தலை வைத்த மரத் தேவாலயங்கள், மலைக்குள் விரல் நீட்டி நுழைந்திருக்கும் கடல், கலைமான் மேய்க்கிற குடும்பங்கள், இராத்திரியிலும் அஸ்தமிக்காத சூரியன், வானத்தில் பச்சை வெளிச்சம். அந்தத் தேசத்தில் நான் கால் வைத்ததே இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் பக்கங்கள் எனக்கு வீட்டுக்குப் போகும் வழி மாதிரி மனப்பாடம். அதை அனுப்பியவர் இங்கர் என்ற ஒரு பெண்மணி. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வெட்கமும் அப்புறம் நன்றியும் வரும், இந்த வரிசை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மாறியதில்லை.

சுனாமிக்கு முந்தைய வருஷங்கள் அவை. போர்ட் பிளேருக்கு இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள், என் வாய் இன்னும் பழைய பெயரையே சொல்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். வருகிறவர்களை விடியற்காலையில் கதவைத் தட்டி எழுப்பிச் சூரிய உதயம் காட்டுவதும், சாயங்காலம் அஸ்தமனம் காட்டுவதும், நடுவில் டீ வாங்கிக் கொடுப்பதும் என் உத்தியோகம். போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் டிராவல்ஸ் கடை வைத்திருந்த ஒரு தூத்துக்குடிக்காரர் அந்த லாட்ஜில் வந்து தங்கினார். நான் ஆங்கிலம் பேசுகிற வேகத்தைப் பார்த்து (வேகத்தைத்தான், இலக்கணத்தை அல்ல) "அந்தமானுக்கு வர்றியா, கைடு வேலை" என்று கேட்டார். மறுமாதம் கப்பலேறிவிட்டேன். மூன்று நாள் வாந்தி. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், ஆனால் நீங்கள் சாப்பிடப் போகிற நேரமாக இருக்கலாம்.

முதலாளிக்கு ஒரு வண்டி, வெள்ளை அம்பாசிடர். அதற்கு டிரைவர் ரவி. என் வயதுதான். கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய காலத்திலேயே இங்கு வந்து வேர்விட்ட குடும்பம் அவனுடையது, இங்கே அவர்களை லோக்கல் என்பார்கள். அப்பா வழியில் இந்தி, அம்மா வழியில் தமிழ், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பிசைவான். முதல் நாளே எனக்கு 'மெயின்லேண்டு' என்று பெயர் வைத்துவிட்டான். தீவுக்காரர்களுக்கு இந்தியாவின் மற்ற பாகம் முழுக்க மெயின்லேண்டுதான். ஆனால் அவன் அந்த வார்த்தையைச் சொல்கிற விதத்தில், கப்பலில் இருந்து இறங்கிய ஒரு மூட்டையைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. பதினொரு நாளும் விடாமல் மழை. கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து நோட்டீசுகளை மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே சீக்கிரம் இருட்டுகிறதே என்று தோன்றியது உண்டு. மழை இருட்டு என்று நினைத்துக்கொண்டேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் பக்கத்து நியாயம் என்று சொல்ல இந்தக் கதையில் இது ஒன்றுதான் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் வானம் வெளுத்தது. அன்றுதான் இங்கரும் அவர் கணவர் ஓட்வரும் கடைக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபதை ஒட்டி வயது. ஓட்வர் நெடுநெடுவென்று, தலைவாசலில் குனிந்து வந்தார். இங்கர் குள்ளம், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். என்னிடம் பேசும்போது என் காதைப் பார்த்துப் பேசினார். காதில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

இங்கர் வெளியே கடைகளைப் பார்க்கப் போன நேரத்தில் ஓட்வர் என்னிடம் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். அவர் பேசியது ஆங்கிலம், என் நினைவில் தங்கியிருப்பது தமிழில்தான்.

"அவளுக்குக் கண்ணோட நடுப்பாகம் போயிடுச்சு. ஓரம் மட்டும் கொஞ்சம் தெரியுது. அதுவும் அடுத்த குளிர்காலம் வரைக்கும்தான்னு டாக்டர் சொல்லிட்டார். பாக்கணும்னு ஆசைப்பட்டதையெல்லாம் எழுதி வச்சு ஒவ்வொண்ணா பாத்துட்டு வர்றோம். இதுதான் கடைசி ஊர்."

இங்கே அவர் பட்டியலில் இருந்தது ஒன்றே ஒன்று. சூரியன் கடலுக்குள் விழுவது. அவர்கள் ஊர் நார்வேயின் வடகோடி. அங்கே கோடையில் இரண்டு மாதம் சூரியன் அஸ்தமிப்பதே கிடையாது. குளிர்காலத்தில் இரண்டு மாதம் உதிப்பதே கிடையாது. மற்ற மாதங்களில் மலைக்குப் பின்னால் சாய்ந்து, சறுக்கி, மணிக்கணக்காக இழுத்துக்கொண்டு போகுமாம். இங்கே நம் பக்கத்தில் நட்டுக்குத்தாக, எலுமிச்சம்பழம் பாத்திரத்தில் விழுவது மாதிரி விழும் என்று இங்கர் எங்கோ படித்திருக்கிறார். அதைப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் அவர்களுக்கு விமானம். கையில் இரண்டு சாயங்காலம்.

"சார், சூரிய அஸ்தமனம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றேன். ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை, ஆனால் சொன்னேன். வண்டூர் கடற்கரை மேற்கே பார்த்தது, ஒரு மணி நேரப் பாதை. உடனே உட்கார்ந்து ஒரு தாளில் நிகழ்ச்சி நிரல் எழுதினேன். ஐந்தரை மணிக்கு வண்டூர் சேர்தல். ஆறு மணிக்கு அஸ்தமனம். கன்னியாகுமரியில் அந்த மாதத்தில் ஆறு மணிக்குத்தான் சூரியன் மறையும். இரண்டு வருஷம் தினம் தினம் பார்த்தவன் நான். சூரியன் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே.

மத்தியானம் இரண்டரைக்கு ரவி வண்டியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் காதிலும் வண்டூர் என்ற சேதி விழுந்திருந்தது.

"சலோ மெயின்லேண்டு, இப்பவே கிளம்பு. சன்செட்டுன்னா ஜல்தி போகணும்."

நான் இங்கரையும் ஓட்வரையும் பார்த்தேன். அவர்கள் முன்னால் ஒரு டிரைவர் எனக்கு மணி சொல்வதா? கையிலிருந்த தாளை ஆட்டிக் காட்டினேன்.

"நீ வண்டியை ஓட்டு. சூரியனை நான் பாத்துக்கறேன்."

நல்ல வாக்கியம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. ரவி பானட்டைத் திறந்து எதையோ துடைக்க ஆரம்பித்துவிட்டான். நாங்கள் அபர்டீன் பஜாரில் டீ குடித்தோம், மணிக்கூண்டைப் பார்த்தோம். மூன்றரைக்கு மேல்தான் வண்டியேறினோம். போகிற வழியில் மீன் வாசம் வந்ததும் ஓட்வர் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஜங்கிலிகாட் மீன் சந்தை. ஒரு தெலுங்கு அம்மாள் சாக்கில் நெத்திலிக் கருவாடு பரப்பி வைத்திருந்தாள். அந்த நெட்டை மனிதர் அவள் முன்னால் மண்டியிட்டு, ஒரு கருவாட்டை எடுத்து முகர்ந்து, ஒடித்து, வாயில் போட்டு மென்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் அப்பா மீன் காயப்போடுகிறவராம். மனைவியின் கையிலும் ஒன்றைக் கொடுத்து முகர வைத்தார். இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சுற்றுலாத் துறை நோட்டீஸ் எதிலும் இல்லாத காட்சி ஒன்றை நான் காட்டிவிட்டதாக உள்ளூரக் குளிர்ந்துபோய் நின்றிருந்தேன். ரவி மட்டும் வண்டியில் சாய்ந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிப்பிகாட் வந்தபோது நாலரை. சாலைக்கு இரண்டு பக்கமும் நெல் வயல். கதிர் முற்றி மஞ்சளாகியிருந்தது, வெயில் சாய்ந்து அதன்மேல் படுத்திருந்தது. ரவி வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான். சொல்லித் தொலையேன் என்கிற பார்வை இல்லை. கேட்டுத் தொலையேன் என்கிற பார்வை. இன்று எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

"ஏன் நிறுத்தற? போ, போ. நேரம் நிறைய இருக்கு" என்றேன்.

அதற்கப்புறம் பாதை காட்டுக்குள் புகுந்துவிட்டது. மரங்கள் கருத்துக்கொண்டே வந்தன. மழை வரும் போலிருக்கிறது என்றேன். வண்டூரில் இறங்கியபோது மணி ஐந்தேகால். மணல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கடலும் வானமும் சேர்கிற இடத்தில் நகம் கீறியது போல ஒரு சிவப்புக் கோடு மட்டும் மிச்சமிருந்தது.

இங்கர் ஓட்வரின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நான் கையைக் காட்டினேன். அவருக்கு என் கை தெரியாது என்பது உறைத்து, தோளைத் தொட்டுத் திருப்பினேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் தேடினார். கோழி தானியத்தைப் பார்ப்பது போலச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னும் இருக்கா?"

"மேகம் மறைச்சிடுச்சு மேடம்" என்றேன்.

ஓட்வர் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பதினொரு நாள் மழை கழுவிவிட்ட வானம். ஒரு பொட்டு மேகம் கிடையாது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அந்த மனிதர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாக அவமானப்படுத்தியதில்லை.

திரும்பி வரும்போது சிப்பிகாட் தாண்டியதும் என்னால் தாங்க முடியவில்லை. முன் சீட்டில் இருந்து திரும்பி உண்மையைச் சொல்லிவிட்டேன். வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, எனக்குத் தெரிந்தது கன்னியாகுமரிச் சூரியன், இந்தத் தீவு எவ்வளவோ கிழக்கே இருக்கிறது, கடிகாரத்தை மட்டும் ஊரோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள், இங்கே ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது, இது எனக்குத் தெரியவில்லை, மேகம் என்றது பொய். பின் சீட் இருட்டாக இருந்தது. அழப்போகிறாரோ என்று பயந்தேன். இங்கர் சிரித்தார்.

"நான் என்ன வேலை பாத்தேன்னு உனக்குத் தெரியுமா? எங்க ஊர் டூரிஸ்ட் ஆபீஸ்ல முப்பது வருஷம்."

அப்போது அவர் சொன்ன கதைதான் அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாதது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான தம்பதி வெகு தூர தேசத்தில் இருந்து கடிதம் எழுதினார்களாம். வானத்தில் ஆடும் பச்சை வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், எப்போது வரட்டும் என்று. இங்கர் பிறந்தது தெற்கே, அந்த ஊருக்கு அவரும் புதுசு. ஜூனில் வாருங்கள், குளிர் இருக்காது என்று பதில் போட்டுவிட்டார். ஜூனில் அங்கே இராத்திரியே கிடையாது. இருட்டினால்தானே வெளிச்சம் தெரியும்? அவர்கள் வந்து, நடுராத்திரியில் பளீரென்ற வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றிருக்கிறார்கள்.

"ஒன்பது நாள் இருந்தாங்க. கடைசி நாள் நான் அவங்க ரூமுக்குப் போய் ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடிட்டு, அது எப்படி ஆடும்னு கையால காட்டினேன். அந்தப் பாட்டி கைதட்டினாங்க. அவங்களால மறுபடி வர முடியல."

இங்கர் கையை நீட்டி என் சீட்டின் முதுகைத் தேடித் தொட்டார்.

"உனக்கு நாளைக்கு ஒரு சாயங்காலம் பாக்கி இருக்கு" என்றார் இங்கர்.

இருந்தது, ஆனால் வண்டி இல்லை. மறுநாளைக்கு அம்பாசிடரை முதலாளி வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டிருந்தார், அதை அவரே ஓட்டுவதாக ஏற்பாடு. ரவிக்கு மறுநாள் விடுமுறை. பஜாரில் விசாரித்தேன். மழை விட்ட முதல் நாள், எல்லா வண்டியும் ஏற்கனவே பேசி முடித்திருந்தது. ரவியின் சித்தப்பாவிடம் ஒரு ஜீப் இருப்பது எனக்குத் தெரியும். ஏழு மணிக்கு டவுன் பஸ் பிடித்து டாலிகஞ்ச் போனேன். அப்போது இது ஊரின் விளிம்பு, பத்துப் பதினைந்து கடை, மற்றதெல்லாம் தோட்டம். பின்னாளில் இங்கேயே வீடு கட்டிக் கருவாட்டுக்கும் புத்தகத்துக்கும் சண்டை போடுவேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ரவி அடுப்பங்கரையில் உட்கார்ந்து ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தான், அவன் அம்மா சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் அவன் கை நிற்கவில்லை.

"ஆவோ ஆவோ. சூரியனை நான் பாத்துக்கறேன்னியே, பாத்தியா?"

"இல்லடா."

"தேக்கா நஹீ? அரே, அவ்ளோ பெரிசா இருக்குமே."

அவன் அம்மாவுக்கு விஷயம் தெரியும் போல. முதுகைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நான் நின்றபடியே இங்கரின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அதுவரைக்கும் ரவிக்கு அது தெரியாது. யாரும் அவனிடம் சொல்லவில்லை. யாரும் என்றால் நான்தான், நான் சொல்லவில்லை. டிரைவரிடம் எதற்கு என்று இருந்துவிட்டேன். ரொட்டிக் கட்டை நின்றது.

"யே பாத் பஹலே போல்னா தா" என்றான் மெல்ல. இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்கிறான். "கண்ணு போகுதுன்னு தெரிஞ்சா நான் உன்னை வண்டில இருந்து கீழ தள்ளிட்டுப் போயிருப்பேன்டா. அந்த மச்சி மார்க்கெட்ல நிப்பாட்டியே இருக்க மாட்டேன்."

"தப்பு என்னுதுதான் ரவி. உன்னை அவங்க முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

"ஹிந்தி மே போலோ."

எனக்கு இந்தியில் அப்போது எண்களும் வசவுகளும் மட்டும் தெரியும். ரவியின் அம்மா ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுக்க, நான் கைகட்டி நின்று திருப்பிச் சொன்னேன். உச்சரிப்பைக் கேட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் எனக்கு நாலு ரொட்டியும் மீன் குழம்பும் கிடைத்தன. அந்தமானில் நான் சாப்பிட்ட முதல் வீட்டுச் சாப்பாடு அது.

மறுநாள் ஒரு மணிக்கே ஜீப் வந்துவிட்டது. ரவி குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, இங்கருக்குக் கதவைத் திறந்துவிட்டான். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. ஜங்கிலிகாட்டில் ஓட்வர் ஜன்னல் வழியே மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டார். நேற்று இறங்கிய இடத்துக்கும் ரவி போகவில்லை. கடற்கரையோரமாகக் கொஞ்ச தூரம் தள்ளிப் போய், ஒரு பெரிய மொவா மரத்தடியில் நிறுத்தினான். அந்த மரத்தின் வேர் ஒன்று மணலுக்கு மேலே வந்து பெஞ்சு மாதிரி வளைந்திருந்தது. மூன்று பேர் உட்காரலாம். எதிரே தீவு எதுவும் குறுக்கிடாமல் கடல் திறந்து கிடந்தது. அவன் சின்ன வயதில் அம்மாவோடு நண்டு பிடிக்க வருகிற இடமாம்.

நாலு மணிக்கு மேகம் வந்தது. நேற்று நான் சொன்ன பொய், ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது போல மேற்கே இருந்து எழும்பி வந்தது. சாமிகளில் எனக்குத் தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டேன். ஓட்வர் மனைவியின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரவி மணலில் குந்தி உட்கார்ந்து ஒரு சோழியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஹோ ஜாயேகா" என்றான். ஆகிவிடும். "கீழ பாரு, கீழ திறந்திருக்கு."

நாலே முக்காலுக்குச் சூரியன் மேகத்தின் அடி விளிம்பில் இருந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது. முழு வட்டம். கண் கூசாத சிவப்பு. இங்கர் தலையைச் சாய்த்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு இல்லாமல் போய்விடும், பக்கவாட்டில் பார்த்தால்தான் இருக்கும். கன்னத்தைக் கடலுக்குக் காட்டி, எங்கள் ஜீப்பைப் பார்ப்பவர் போல உட்கார்ந்துகொண்டு சூரியனைப் பார்த்தார்.

"நிறம் தெரியுது. கோடு தெரியல. கடலை எப்பத் தொடுதுன்னு நீ சொல்லணும்" என்றார் என்னிடம்.

நான் எழுந்து நின்றேன். கன்னியாகுமரியில் இரண்டு வருஷம் தினமும் பார்த்தேன் என்றேனே, அதெல்லாம் பார்த்ததே அல்ல. வருகிறவர்கள் டீ கேட்கிறார்களா, செருப்பைத் தொலைத்தார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாக ஒரு நொடியும் தவறவிடக் கூடாது என்று பார்த்தேன். இறங்குகிறது, இறங்குகிறது, இன்னும் ஒரு விரல், அரை விரல். அந்த நேரம் பார்த்து ஆங்கிலம் முழுவதும் என்னைவிட்டு ஓடிப்போய்விட்டது.

"தொட்டுடுச்சு!" என்று கத்தினேன்.

இங்கர் ஓட்வரின் கையை இறுக்கிப் பிடித்தார். அப்புறம் இரண்டு மூன்று நிமிடம்தான். பாதி, கால், ஒரு புள்ளி, இல்லை. ரவி மெதுவாகக் கைதட்டினான். இங்கர் அழுதுகொண்டிருந்தார், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். 'ட்டு' வரவில்லை. ரவி மணலில் உட்கார்ந்தபடியே திருத்தினான். முந்தின நாள் என் இந்தியை அவன் அம்மா திருத்தியதைவிடப் பொறுமையாகத் திருத்தினான்.

மறுநாள் அவர்கள் விமானமேறினார்கள். மூன்று மாதம் கழித்துத் தபாலில் வந்ததுதான் அந்தப் புத்தகம். அவர் ஆபீசில் வருகிறவர்களுக்குப் படித்துச் சொல்ல வைத்திருந்த பிரதி. ஓரங்களில் பழைய குறிப்புகள் பொடி எழுத்தில். அதற்கு மேலே தடித்த பேனாவால், கண்ணுக்கு எட்டாத கை எழுதுகிற பெரிய பெரிய எழுத்தில் எனக்கென்று எழுதிய புதுக் குறிப்புகள். பச்சை வெளிச்சம் இருக்கிற பக்கத்தில்: 'ஜூன் கிடையாது! கிடையாது!' மீன் சட்டங்கள் பக்கத்தில்: 'ஜங்கிலிகாட் இதைவிட நல்ல வாசம்.' மரத் தேவாலயத்துப் பக்கத்தில்: 'உள்ளே போகிறவர்களைக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கச் சொல்லு, தார் வாசம் வரும்.' எதைக் காட்டுவது என்பது புத்தகத்தில் அச்சாகியிருந்தது. யாருக்குக் காட்டுகிறோம் என்பது அந்த ஓரங்களில் இருந்தது. நான் அதற்கப்புறம் இத்தனை வருஷம் கைடாகக் காலம் தள்ளியது அந்த ஓரங்களை வைத்துத்தான். இதை அவருக்கு எழுதினேனா என்றால், சரியாக எழுதவில்லை. 'புத்தகம் கிடைத்தது, மிக்க நன்றி' என்று ஒரு கார்டு போட்டேன். இப்போது நினைத்தால் இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

அடுத்த குளிர்காலத்தில் ஓட்வரிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. டாக்டர் சொன்ன கணக்கில் பிழையில்லை, ஓரமும் போய்விட்டது. 'இங்கே இப்போது இருட்டு மாதங்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்கும் விளக்குப் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் தீவில் அது ஐந்து மணி என்று இங்கர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். தினமும் அந்த நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்கிறாள். இந்த ஊரில் எங்கள் வீட்டில் மட்டும் தினமும் சூரியன் மறைகிறது' என்று எழுதியிருந்தார். ரவிக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். அவன் எழுந்துபோய் ஜீப்பைக் கழுவ ஆரம்பித்துவிட்டான். கழுவின ஜீப்பையே மறுபடியும் கழுவினான்.

அதற்கப்புறம் வந்த வருஷங்களில் ஒன்றிரண்டு கார்டுகள் வந்தன. பிறகு வரவில்லை. அப்புறம் சுனாமி. அந்தக் காலையில் பூமி குலுங்கியபோது எங்கள் பக்கத்து நிலமே கிட்டத்தட்ட இடுப்பளவு கீழே இறங்கிவிட்டது என்று பிற்பாடு வந்து அளந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். அலை திரும்பிப் போய்விட்டது, ஆனால் தண்ணீர் போகவில்லை. ரவி வண்டியை நிறுத்தி என்னைக் கண்ணாடியில் பார்த்தானே, அந்தச் சிப்பிகாட் வயல்களில் இன்று உப்புத் தண்ணீர் நிற்கிறது. நெல் இருந்த இடத்தில் கொக்குகள் நடக்கின்றன. வண்டூரில் அந்த மொவா மரம் உப்பில் பட்டுப்போய், இரண்டு மூன்று வருஷம் எலும்பாக நின்று, ஒரு மழையில் சாய்ந்தது. கரை உள்ளே தள்ளி வந்துவிட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்த வேரும், ரவி சோழி உருட்டிய மணலும், மூன்று பாஷைக்காரர்கள் கூடி ஒரு வார்த்தை பழகிய இடமும் இப்போது கடலுக்குள். தண்ணீர் வற்றும் நாட்களில்கூட வெளியே தெரிவதில்லை.

இப்போது சுற்றுலாக்காரர்கள் போனிலேயே அஸ்தமன நேரத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். என்னைவிடத் துல்லியமாகச் சொல்கிறார்கள், சந்தோஷம்தான். இருந்தாலும் வண்டூரில் கூட்டத்தின் ஓரமாக நின்று, சூரியன் தண்ணீரைத் தொடும்போது நான் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன், தமிழில்தான். குஜராத்திகளும் வங்காளிகளும் திரும்பிப் பார்ப்பார்கள். கண் தெரிகிறவர்களுக்கு அது வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும்.

மழை விட்டபின் முதல் பார்ட்டியைப் போன வாரம்தான் கூட்டிக்கொண்டு போனேன். ரவிக்கு இப்போது சொந்த வண்டி, பெரிய வேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டு வாசலில் ஹாரன் அடித்துவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"சலோ மெயின்லேண்டு. இன்னிக்குச் சூரியனை யாரு பாத்துக்கறது?"

"நான்தான்டா" என்றேன்.